கேட்கச் சொன்னார்கள், கேட்டேன்

இன்று காலை அலுவலகத்தில் புதிய வினாத்தாள்கள் அச்சாகி வந்தன. ஈரம் காயாத மையின் வாசனை அறை முழுக்க. முதல் தாளை எடுத்தேன். 'பக்கத்து ஊரில் கல்லூரி வந்தால் படிக்கச் செல்வீர்களா?' அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. உன் நினைவு வந்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, பள்ளி இறுதித் தேர்வு எழுதினோம். எனக்குச் சென்னையில் மாமா இருந்தார், கல்லூரிக்குப் போனேன். என்னைவிட நன்றாகப் படித்த நீ, வீட்டில் தறிக்கு நூல் சுற்றினாய்.

உலக யுத்தம் முடிந்த வருடம், எங்கே கல்லூரி தேவை என்று ஆராயும் குழுவில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் பெண்களைக் கேட்டு எழுத வேண்டும். உன் வீட்டுக்கும் வந்து அதே கேள்வியைக் கேட்டேன். ராட்டையை நிறுத்திவிட்டாய்.

"நெசமாவாடி? காலேஜ் தொறக்கப் போறாகளா?"

"தொறக்குறதாச் சொல்லல. கேட்டுட்டு வரச் சொல்லிருக்காக."

"மனசுல இல்லாமயா கேப்பாக?"

உன் முகத்தைப் பார்த்த பிறகு, மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாதம்தான் பரமக்குடியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். கல்லூரிக்காகக் காத்திருக்கிறேன், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். வீட்டில் கன்னடம் பேசும் உன் அப்பா, எனக்காகத் தமிழுக்கு மாறிச் சொன்னார்: "ஒரு வருசம் பொறுத்துப் பாக்கோம்மா. அவ ஆசப்படுறா."

குழு கடைசியில் வேறு ஊரைத் தேர்ந்தெடுத்தது. இந்த வறண்ட சீமையில் படிக்க வருவோர் குறைவு என்று முடிவு எழுதினார்கள். அந்த வரியைச் சுத்தப் பிரதி எடுத்தவள் நான். மாசியில் வந்து உன்னிடம் சொன்னேன். பரமக்குடிக்காரர்கள் அதற்குள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

நீ அழவில்லை. "விடுடி, நீ என்ன செய்வ? நீ வந்து கேட்ட பெறகுதான், ஒனக்கு என்ன விருப்பம்னு எங்கப்பா மொத மொதல்ல எங்கிட்டக் கேட்டாக" என்றாய்.

பங்குனியில் உங்கள் தெருவில் காலரா கண்டது. எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தேன். உன் அப்பா எனக்குத் தண்ணீர் கொடுத்தார், என் வேலையைப் பற்றி விசாரித்தார். பரமக்குடிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்து இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் இன்று கொஞ்சம் தூங்குவேன். கல்யாணமாகிப் போயிருந்தால் அந்தப் பங்குனியில் நீ அருப்புக்கோட்டையிலேயே இருந்திருக்க மாட்டாய்.

வேலையை நான் விடவில்லை. யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எந்த வீட்டு வாசலிலும், "காலேஜ் வரும்னு நான் சொல்லல, இத நம்பி எதையும் தள்ளிப் போடாதீக" என்று சொல்லாமல் கேள்வியைத் தொடங்குவதில்லை.

போன வாரம் திருச்சுழியில் ஒரு பெண் அதை முழுதாகக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சரிக்கா, எப்பத் தொறப்பாக?"