அரச வரி

ஏப்ரல் 16, வியாழன்

இன்று மகன் ரவி என்னை அடித்தான்.

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகளுக்குக் கம்பனி சம்பளத்தோடு பங்குகளும் கொடுத்தது. அவற்றை விற்று அவள் அனுப்பிய பணத்தில் ரவி லொறி வாங்கினான். வரிக்குக் கொஞ்சம் ஒதுக்க வேண்டுமா என்று முதலில் என்னிடம்தான் கேட்டான். அங்கே ‘ஸ்டேட்’ வருமான வரி இல்லை என்று மகள் அனுப்பிய காகிதத்தில் இருந்தது. இங்கே கோர்ட்டில் ஸ்டேட் லேண்ட் என்றால் அரச காணி, அரசாங்கத்தின் நிலம். ஆகவே அரசுக்கு வரியே இல்லை என்றேன். அங்கே அந்தச் சொல்லுக்கு மாநிலம் என்று பொருளாம். மத்திய அரசு தனியாக, பங்கையும் சம்பளமாகக் கணக்கிட்டு வரி கேட்கிறது. அதைக் கட்ட லொறியை விற்கச் சொல்லி மகள் போனில் அழுதாள்.

“முப்பது வருசம் கோர்ட்டுல மொழிபெயர்த்தீங்களே, ஸ்டேட்டுன்னா என்னா? சொல்லுங்க!”

அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்; ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறை. மூன்றாவதில் மூக்குக்கண்ணாடி உடைந்தது. நான்காவதில்தான் “மாநிலம்” என்றேன்.

கண்ணாடி தவறி விழுந்ததாக மகளிடம் சொல்வேன். அதையாவது பிழையில்லாமல் சொல்ல வேண்டும்.