கருவிக்குள் அப்பா

14.7.1998, செவ்வாய்

சிவில் இன்ஜினியரிங் படிக்கச் சென்னையின் பெரிய கல்லூரியா, பாளையங்கோட்டைப் பக்கத்துச் சின்னக் கல்லூரியா என்று நேற்றுவரை குழப்பம். பெரியதைப் போன வாரம் பார்த்தோம். ஒரே சர்வே கருவியைச் சுற்றிப் பெரிய கூட்டம். எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன.

இன்று சின்னதைப் பார்க்க அப்பா வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். அங்கே லெக்சரர் கருவியை என்னிடமே விட்டுவிட்டார். "பயப்படாம திருப்பிப் பாரும்மா."

அதன் லென்ஸ் குழாய் வழியாகப் பார்த்தேன். மைதானத்தின் கடைசியில் நின்ற அப்பா கிட்டத்தில் தெரிந்தார், தலைகீழாக. அந்தக் கருவியில் எல்லாமே அப்படித்தான் தெரியுமாம். நான் பார்ப்பது தெரியாமல், வாட்ச்மேனிடம் என்னைக் கைகாட்டி, வாயெல்லாம் சிரிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் பழையபடி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். "ஏட்டி, எதுன்னாலும் ஒன் இஷ்டம். எனக்கு ஒண்ணுமில்ல."

"சின்னதே போதும்ப்பா. அங்கன நல்லாத் தெரியுது."

என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.