உப்புப் பட்ட தங்கம்

வெள்ளவத்தை,
14.3.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் நோ குறைந்ததா? பாதை பூட்டியிருப்பதால் கப்பலில் வரும் தபால் எப்போது வந்து சேருமோ தெரியாது. மறக்க முதல் இங்கே நடந்த ஒரு புதினம் சொல்கிறேன்.

நான் இங்கே ஆய்வுகூடத்தில் தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்க விடுகிறேன். அந்த அளவில் தங்கம் மஞ்சளாக இராது, சர்பத் போலச் சிவந்திருக்கும். நிறத்தை அளக்க ஒரு போத்தலை இரத்மலானைக்குக் கொண்டுபோனபோது, காலி வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினான். போத்தலைக் கண்டதும், "குடிச்சுக் காட்டு" என்று சிங்களத்தில் சொன்னான். அது குடிக்கிற சாமானில்லை. இரசாயனம் என்றால் குண்டு செய்யவென்று நினைப்பானோ என்று பயம். "தங்கம்" என்றேன். அவன் முகம் இறுகியது.

தங்கம்தான் என்று காட்ட வேறு வழி தோன்றாமல், பக்கத்தில் மாங்காய் விற்றவரிடம் ஒரு சிட்டிகை உப்பு வாங்கிப் போட்டேன். சிவப்பு கண்முன்னே நீலமானது.

"எப்பிடி, நங்கி?" தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டான் ஆமிக்காரன்.

துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும்வரை சிவப்பு, உப்புப் பட்டால் ஒட்டிக்கொண்டு நீலமாகும் என்று விளக்கினேன்.

"திரும்பச் சிவப்பாகுமோ?"

"ஆகாது."

"ஏன்?"

பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றான்.

பயப்பட வேண்டாம். மிளகாய்த்தூள் முடிகிறது, யாரும் வந்தால் கொடுத்துவிடுங்கள். கொழும்புக்கு வந்தபின் என் வேலையைப் பற்றி விருப்பமாகக் கேட்ட முதல் ஆள் அவன்தான் அம்மா. பதில் போடும்போது நீங்களும் ஏதாவது கேளுங்கள்.

அவசரத்தில்,
மகள் தர்மினி