பதிமூன்று வாரத்துக்கு ஒரு கையெழுத்து

பெல் பாயு, லூசியானா
பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள்

என் அக்காள் பெற்ற, நான் வளர்த்த மகள் ஓடீலுக்கு,

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான் மகளே, ஒன்றுகூடத் தப்பவில்லை. இங்கே நானும் உன் யூலா அத்தையும் சுகம், என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுப் பகலிலாவது நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று கேட்டால் இன்னும் சுகம். போன ஈஸ்டர் முடிந்து நீ பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு, "பதிமூணே வாரம் மாமா, நர்ஸுங்க பத்தாத ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைகொடுத்துட்டு நெல்லு அறுக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாயே, அப்போதே பக்கத்து வயல் குளோவிஸிடம், "பாருடா, இது ஒரு பதிமூணோட நிக்காது, வருஷமாகும்" என்றேன். அவன் சிரித்தான். இப்போது நாலு பதிமூன்று ஆகிவிட்டது, என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறான். ரேடியோக்காரர்களுக்கு முன்னால் நான் புயலைச் சொன்னது ஊருக்கே தெரியும், இது அதைவிடப் பெரிது என்று அவனே ஒப்புக்கொள்கிறான்.

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் பதிமூன்று வாரத்துக்கு ஐந்தாவது தடவையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், வருகிற வெள்ளிக்குள் பதில் வேண்டும், "நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஒரு இடம் இருந்தா இப்பவே வந்துடுவேன் மாமா" என்றாய். மூன்று ஊருக்குப் பேசுகிற நான் போனை அத்தையிடம் நீட்டிவிட்டேன், அதைக் குளோவிஸிடம் சொல்லிவிடாதே. உன் அறையைத் தினமும் திறந்து காற்றாட விடுகிறாள் அத்தை, அந்தப் பெரிய கட்டிலில் பூனைதான் குறுக்கே படுத்துக்கொண்டு ராஜாங்கம் பண்ணுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் சான் பிரான்சிஸ்கோ அறைதான் நினைவுக்கு வருகிறது. கடல் தெரியும் என்று அத்தையிடம் பெருமையடித்துவிட்டு ஜனவரியில் அங்கே வந்தால், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்த வாடகைக்கு இங்கே வீடும் தருவார்கள், கூடவே ஒரு படகும் தருவார்கள். ஒரே கட்டில், பகலில் நீ, இரவில் இன்னொரு நர்ஸ் பெண், அவள் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் நீ போய்ப் படுக்கிறாய். "நல்ல பொண்ணுதான்னு நினைக்கிறேன் மாமா, கதவுகிட்ட மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்று நீ சிரித்தாய், நானும் கூடவே சிரித்தேன். திரும்பி வந்து அத்தையிடம், "அவ கட்டில்ல ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்" என்று சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சாயங்காலம் நான் விமானத்தில் கொண்டு வந்த கம்போவைச் சூடுபண்ணி உன் வார்டுக்கே தூக்கி வந்ததை இன்னும் அங்கே பேசுவார்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு கோழிக் குழம்பை அந்தக் கடற்கரையே கண்டிருக்காது, ஒரு டாக்டர் கிண்ணத்தை வழித்துவிட்டு என்னை இங்கேயே இருந்துவிடச் சொன்னார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "இன்னிக்கு உங்க வார்டு ரொம்ப அமைதியா இருக்கே" என்று சொல்லித் தொலைத்தேன். அத்தனை கரண்டியும் அப்படியே நின்றது. தலைமை நர்ஸ் லூர்தெஸ் தலையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி அங்கிள், ட்யூட்டியில நிக்கும்போது அமைதின்னு வாயால சொல்லலாமா, சொன்னா கூட்டம் வந்து குவியுமே! எந்த நர்ஸாவது சொல்லுவாளா?" என்றார். ஒருத்தி திருஷ்டி கழிய மரத்தைத் தொடணும் என்று மேசையைத் தட்டினாள், இன்னொருத்தி, "அது பிளாஸ்டிக்குடி, தட்டாதே!" என்று கத்தினாள். சோறு பாதி முடியவில்லை, ஆம்புலன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது, நான் எண்ணியது இருபது. மேல்மாடியில் ஆள் போதவில்லை என்றார்கள். யாரை அனுப்புவது? "வந்து போறவங்களை, டிராவலர் நர்ஸுங்களைத்தான் முதல்ல அனுப்பணும் அங்கிள், இங்க அதுதான் வழக்கம், அவ மேல ஒண்ணும் இல்ல" என்று லூர்தெஸ் என் தோளைத் தொட்டுச் சொன்னார். நீ கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய், நான் லிஃப்டில் பின்னாலேயே வந்தேன். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒருத்தி, "டிராவலர் வந்தாச்சு, ஆறாம் ரூமைக் குடுங்க!" என்றாள். உன் பேரைக் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை, நேரே ஆறாம் அறைக்குப் போய்விட்டாய். ஊருக்கு வந்து இருபது ஆம்புலன்ஸ் கதையை எல்லாரிடமும் அளந்தேன். லிஃப்ட் கதவில் நின்றதை மட்டும் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். நேற்றுப் பெரிய வெள்ளி, வழக்கம்போல நம் நெல் வயல் தண்ணீரில் வளர்க்கிற இறாலைப் பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கு, சோளம், மிளகாய்த்தூளோடு வேகவைத்து மேசை நிறையக் கொட்டினோம், ஊரில் பாதி நம் முற்றத்தில்தான். உன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை அத்தை. அப்போது யார் வருகிறார்கள் என்கிறாய்? நம் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் மிஸஸ் ப்ரூசார், காரை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வருகிறாள். "அல்சீ, ஓடீல் எப்ப வர்றா? பகல் ட்யூட்டி, நல்ல இடம், அவளுக்குன்னே வெச்சிருக்கேன். அவ ஊசி போட்டாத்தான் வலிக்கலன்னு கிழவனுங்க எல்லாம் என் உயிரை வாங்கறானுங்க" என்கிறாள். குளோவிஸ் வாயில் இறாலோடு அப்படியே நின்றுவிட்டான். "நான்தான் வருஷமா சொல்றேனே" என்று சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு தட்டு நிறைய அள்ளிப் போட்டேன். ஆகவே கையெழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்துவிடு, வழியில் எங்கேயும் நிற்காதே.

இந்த இடத்தில் காப்பி வைக்க வந்த அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "ஏய் அல்சீ, மிஸஸ் ப்ரூசார் நேத்து எங்கே வந்தா? அந்தப் பொண்ணு இதை நம்பி அங்கே வேண்டாம்னு சொல்லிட்டு வந்து நின்னா என்ன செய்வே? வயல்ல இறால் புடிக்கச் சொல்லுவியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவளுக்கும் நீ வரவேண்டும் என்றுதான்.

அதனால் அந்த ஒன்றை மட்டும் அடித்துவிடு மகளே. மிஸஸ் ப்ரூசார் வரவில்லை. நான்தான் நேற்றுக் காலையில் கோயில் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "இருக்கிற வார்டையே மூடிக்கிட்டிருக்கோம் அல்சீ. என் பொண்ணே சியாட்டில்ல டிராவலரா இருக்கா, அவளுக்கே இங்க ஒரு இடம் பண்ண முடியல" என்றாள். அவள் வீட்டுப் படியில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம், பிறகு நான் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடு. மாதா உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும், நீ தொடுகிற நோயாளி எல்லாரும் எழுந்து நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிகிற நேரத்துக்கு அத்தைக்குப் போன் பண்ண மறக்காதே. உன்னை வா என்று கூப்பிட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, எவ்வளவு யோசித்தும் உண்மையாக ஒன்று கிடைக்கவில்லை, நானே ஒன்றைச் செய்துகொண்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
மாமா அல்சீ