செடிக்கு முண்டாசு

என் வீட்டுக்காரரும் மதாம் வீட்டுத் தோட்டக்காரருமான துரைக்கு,

பக்கத்தில் இருந்தால் அழுது ஊரைக் கூட்டுவாய் என்று சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் துரத்தினீர்களே, மதாம் வீட்டு ஆர்க்கிட் பூச்செடிகளைப் பார்த்துக்கொள் என்று. அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

நீங்கள் சொன்னபடி மார்கழி பிறந்ததும் ஆறு தொட்டியையும் ஹாலிலிருந்து மொட்டை மாடிக்கு ஏற்றினேன். மூன்று வாரமாகியும் ஒரு மொட்டு இல்லை. நேற்றுக் காலை மதாம் மேலே வந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் காக்காயெல்லாம் பறந்துவிட்டது.

"என்னடி இது, செடிக்கு முண்டாசு?"

"பனி தலையில எறங்கிடும் மதாம். அதான் சாயங்காலமானா அவரு துண்டுங்களப் போத்துறேன்."

"அடிப் பைத்தியமே, குளிர் பட்டாத்தான் இது பூக்கும். எடு!"

எடுத்தேன். இலை சில்லென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை உங்கள் உடம்பையும் குளிர வைத்து, நெஞ்சை நிறுத்தித்தான் ஆப்பரேஷன் பண்ணுவோம் என்றாரே டாக்டர். உடம்பு சில்லிட்டுப் போச்சு என்று முதலியார்பேட்டையில் எந்த வீட்டு வாசலில் சொல்வார்கள்? உங்களுக்கே தெரியும். நான் எழுத மாட்டேன். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

மொட்டு இன்னும் வரவில்லை. ஆனாலும் துண்டை மறுபடி போர்த்தவில்லை. பயத்தோடு பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

ஒரு துண்டைத் துவைத்துத் தம்பியிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். கண் விழித்ததும் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். டாக்டர் எவ்வளவு வேண்டுமானாலும் குளிர வைக்கட்டும். உங்களை எனக்குத் திருப்பித் தரும்போது சூடாகத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி