கூடக் குறைய எவ்வளவு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சௌக்கியம்.

ஆபீசில் ஒரு சின்னத் தகராறு, பயப்படாதே. நான் போட்ட ஒரு வரைபடத்தில், அச்சு நுழையும் துளை கூடக் குறைய எவ்வளவு இருக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். அவ்வளவு நுணுக்கம் பார்த்தால் பட்டறையில் வேலை தாமதமாகும் என்று, என்னைக் கேட்காமலே உன் தம்பி அந்தக் குறிப்பை அழித்துவிட்டான். துளைகள் பெரிதாகிவிட்டன, சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. மேனேஜர் விசாரித்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“விடுங்க சார், அத்தானுக்கு வயசாகுதுல்ல? எழுத மறந்திருப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் என் வரைபடங்களை அவன்தான் சரிபார்ப்பானாம். நான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன்! வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இது ‘அத்தான், அத்தான்’ என்று கூப்பிட்டுக்கொண்டே பாய்கிறது.

அடுத்த வாரம் லீவில் வருகிறான். வயிறாரச் சாப்பாடு போடு. என்னைப் பற்றி மட்டும் அவனிடம் கேட்காதே. எனக்கு இரண்டு பனியனும், நீங்கள் எல்லோரும் இருக்கிற போட்டோ ஒன்றும் வேண்டும். அவனிடம் கொடுத்தனுப்பாதே. தாமதமானாலும் தபாலிலேயே அனுப்பு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் கணவன்