நான் பார்க்காத பொய்விடியல்

வெள்ளி, இரவு.

இன்று அதிகாலை சுபுஹுத் தொழுகைக்கு முன் கிழக்கே எழுந்த, பொய்விடியல் எனப்படும் மங்கல் வெளிச்சத்தை வீட்டு மாடியில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொன்னேன்.

காட்டியவள் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் மகள்.

"சூரியனைச் சுத்துற தூசிதான் அத்தா அது. மழையில வண்டி ஓட்டினா துளி முகத்துல அடிக்குதுல்ல? அந்த மாதிரி வெயில் எதிர்ல பட்டுப்பட்டு தூசியோட வேகம் கம்மியாகும். சூரியன் இழுக்க இழுக்க, சுத்திச்சுத்தி உள்ள போயிடும்."

"ஒரே நாள்லயா?"

"ஆயிரக்கணக்கான வருஷம். ஒரு சுத்துல ஒண்ணும் தெரியாது."

என் கண்ணும் எப்போது மங்கத் தொடங்கியதென்று தெரியவில்லை. சேலையின் நிறம் பார்த்து வாங்கியே கடை வைத்தவன் நான். பயத்தில் மதியம் சாப்பிடவில்லை.

மனைவி பிடித்துவிட்டாள். "அந்த வெளிச்சம் எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். இருவரும் பேசி முடித்தது: திங்களன்று கண் டாக்டர். அதுவரை வண்டிச் சாவி அவளிடம். மகளுக்கு அவள் சொல்லமாட்டாள்.